மூடியின் உள்பக்கம்

கதிருக்கு,

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். நானும் பாதியில் தைரியம் போய் சமையல்காரர் கேட்ட முன்பணத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்தச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடாதே. ஏன் என்பதை முழுவதும் படி. அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெண் வீட்டார் புடவை எடுக்கப் போன கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில்தான் சொன்னாய். "ஒரு குழாய்ல மட்டும் நுனி கறுப்பா நிக்குதும்மா. மத்த அஞ்சும் சீரா செவக்குது." எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு விரக்கடை இருக்கும். வெல்டிங்ல எங்கயோ பொடி ஓட்டை இருக்கும்னு எழுதி முடிச்சிரப் போறோம். வெல்டரை மாத்திட்டா சரியாயிரும்." அடுப்பில் குழம்பு பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. கீரையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதே வார்த்தைகளை இருபது வருஷத்துக்கு முன்னால் இதே காரைக்குடியில், ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். விரக்கடை என்ற அளவுகூட மாறவில்லை.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்தால் போதாது. வேறு சிலரும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீங்கள் குழாய் செய்துகொடுக்கும் விண்கலத்தில் சூடு பிடித்தால் ஊதி ஆற்றக் காற்று கிடையாது. ஒரு பக்கம் வேகும், இன்னொரு பக்கம் உறையும். சூட்டை இங்கிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய்க் கொட்ட ஒரு குழாய் வேண்டும். கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுக் குழாய். உள்சுவர் முழுக்கப் பட்டுத்துணி போல நெய்த எஃகு வலை. அதற்குள் கொஞ்சம் சோடியம். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் மூடியை வைத்து வெல்டிங் செய்துவிடுவார்கள். ஒரு முனையைச் சுட்டால் சோடியம் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும், வலை அதை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. குழாய் நன்றாக இருந்தால் முனைக்கு முனை ஒரே நிறத்தில் சிவந்து நிற்கும். உள்ளே சோடியத்தைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் ஆவி அதை நுனிக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடும். அந்த இடம் மட்டும் சிவக்காது. அறுத்து வீணாக்கினாலொழிய குழாயைத் திறந்து பார்க்க முடியாது. நுனியில் எவ்வளவு தூரம் இருட்டு என்று அளந்துகொண்டிருக்கத்தான் முடியும்.

இங்கே காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த நாளில் நாங்களும் இதே குழாயைத்தான் செய்து பார்த்தோம். எனக்கு அங்கே வலை வேலை. வலையை அமிலத்தில் கழுவி, சுத்த நீரில் அலசி, காற்றில்லாத உலையில் சுட்டு, கையுறை போட்டுச் சுருட்டிக் குழாய்க்குள் இறக்குவேன். மூடிகளுக்கும் அதே குளியல்தான். பூ வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகக் கூடாது, பவுடர் கூடாது, பொட்டும் கூடாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மா ஏன் ஆபீசுக்கு மட்டும் மொட்டை நெத்தியோட போற?" என்று கேட்பாய். வலையின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். என் வலது மோதிர விரலின் நுனியில் குறுக்காக ஓடும் தழும்பு அப்படி வந்ததுதான். நான் சுருட்டிக் கொடுப்பதை வெல்டிங் செய்தவர் சிக்கந்தர் அண்ணன். செக்காலையில் வீடு. என்னைத் தங்கச்சி என்பார். அவர் போட்ட வெல்டிங்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் மூன்று குழாய்கள் வரிசையாகக் கெட்டுப்போயின. நான்காவது மிக நீளமானது. அது ஓடினால்தான் எங்கள் பிரிவுக்கு அடுத்த வேலை வரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். ஆயுத பூஜை வந்தது. வெல்டிங் மெஷினுக்கும் உலைக்கும் வெளியே சந்தனம் குங்குமம் வைக்கலாம், சுத்த அறைக்குள் எதற்கும் வைக்கக் கூடாது என்பது சட்டம். என் புத்தி சட்டத்துக்கு அடங்கவில்லை. வெளியில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, எது ஓட வேண்டுமோ அதற்கு வைக்கவில்லை என்றால் எப்படி என்று தோன்றியது. எல்லாரும் பொரியும் கடலையும் சாப்பிடக் கூடியிருந்தபோது உள்ளே போய், கழுவி வைத்திருந்த நுனி மூடியை எடுத்தேன். வெளிப்பக்கம் வைத்தால் தலைவர் பார்த்துவிடுவார். உள்பக்கம் வைத்தேன். மோதிர விரலால் சந்தனம், அதன் மேல் துளி குங்குமம். அன்றைக்கே பொட்டை அழிக்க மனசு வராது, உனக்குத் தெரியுமே. விஜயதசமி கழித்து வந்து மூடியை மறுபடி கழுவிச் சுட்டு வைத்துவிடலாம் என்று தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்தால் உனக்கு அம்மை போட்டிருந்தது. இரண்டாம் வகுப்பு படித்தாய். வாசலில் வேப்பிலை செருகினோம். உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை நான் வெளியே போகவில்லை, யாரும் உள்ளே வரவில்லை. அப்போது வீட்டில் போன் இல்லை. உன் அப்பாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். "மூடியை மறுபடி கழுவவும்" என்று மூன்று வார்த்தை. ஏன் என்று தலைவர் கேட்பாரே என்ற பயத்தில் எழுதவில்லை. யாராவது பார்த்துக் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் திரும்பிப் போனபோது அந்தக் குழாய் சோதனைக் கூடத்தில் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கூடத்தை நீ பார்த்ததில்லை. சிவப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளியே காரைக்குடி வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே பட்டப்பகலில் இருட்டு. அந்த இருட்டில் படுக்கைவாட்டில் ஒரு சிவப்புக் கோடு. முதல் மாதம் முழுக் கோடாகத்தான் இருந்தது. பிறகு நுனியில் ஒரு நெல்மணி அளவுக்குக் கறுத்தது. எல்லாரும் அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்கள். அடுத்த மாதம் கொஞ்சம் கூடியது. காற்றுப் போக வழியில்லாத ஒன்றுக்குள் ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. நான் தினமும் போய் நிற்பேன். சிவப்பும் கறுப்பும் சேரும் இடம் கோடு கிழித்த மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் எஃகையே உருக்கிவிடும் போன்ற ஒளி, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு என்னைத் தெரியும் என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் மதியம் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கூடத்தில் நான் மட்டும்தான். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. எஃகு சுருங்கும்போது டக், டக் என்று சத்தம் வரும், அது இயற்கை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் நுனியிலிருந்து வந்தது, யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டுகிற மாதிரி. நான் வெளியே ஓடிவந்து வெயிலில் நின்றேன். உடம்பு சில்லென்று இருந்தது.

கறுப்பு ஒரு விரக்கடை ஆனதும் சோதனையை நிறுத்தினார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். வெல்டிங்கில் பொடி ஓட்டை, காற்று நுழைந்திருக்கிறது என்றார் தலைவர். எல்லாரும் சிக்கந்தர் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் நோட்டில் ஏதோ எழுதினேன். என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை. "ஓட்டை இருக்குன்னா இருக்கும் சார்," என்றார் அவர். அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் இருந்தவர். அடுத்த வருஷம் அவருக்கு ஒப்பந்தம் போடவில்லை.

அவர் போன பிறகுதான் குழாயை அறுத்தார்கள். துண்டுகளைச் சோடியம் போகக் கழுவும் வேலை என்னிடம் வந்தது. ஆல்கஹாலில் ஊறவைத்து நுனி மூடியை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கத்தில் வட்டமாக ஒரு கறை. எஃகுக்குள்ளேயே இறங்கியிருந்தது. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ரேகை, கதிர். ஒவ்வொரு வரியாகத் தெரிந்தது. அதன் குறுக்கே வெள்ளையாக ஒரு வெட்டு. என் கையுறையைக் கழற்றி விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் விரல்தான். அத்தனை மாதம், அந்த நெருப்புக்குள், நான் கூடத்துக்கு வெளியே நின்று மூச்சு வாங்கியபோதும், உனக்குச் சோறு ஊட்டியபோதும், அது உள்ளேயே மூடியைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கறை போனதும் உலர்த்தி, "குறிப்பிடும்படி எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நாளிலிருந்து நான் மோதிர விரலால் பொட்டு வைப்பதில்லை, நடுவிரல்தான். நீ ஒரு தடவை ஏன் என்று கேட்டதற்குத் தழும்பு உறுத்துகிறது என்றேன். அது பொய். குங்குமத்தைத் தொட்டால் அந்த விரல் மட்டும் சுடும். இன்றைக்கும் சுடுகிறது.

இதை உன்னிடம் சொல்லாமல் வளர்த்தேன். ஆனால் பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். உன் ஜியாமெட்ரி பாக்ஸ், டிபன் பாக்ஸ், சைக்கிள் சீட், கால்குலேட்டர் எதுவானாலும் ஆயுத பூஜைக்கு உள்பக்கம்தான் பொட்டு. வெளியே வைத்தால் கண்ணுபடும் என்றேன். எதை ஒளித்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு அது விளையாட்டாக இருந்தது. திறந்து பார்த்தால்தான் தெரியும், இல்லையா?

போனை வைத்த பிறகு, இந்த ஆயுத பூஜைக்கு நீ உன் ஆபீசிலிருந்து அனுப்பிய படம் ஞாபகம் வந்தது. தேடி எடுத்தேன். மெஷினுக்கு மாலை, தேங்காய், நீயும் உன் சிநேகிதர்களும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூலையில் மேஜைமேல் ஒரு தட்டு. தட்டில் ஆறு நுனி மூடி. ஐந்து வெறுமையாக இருக்கின்றன. ஒன்றில் பொட்டு இருக்கிறது, உள்பக்கத்தில். "எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணுக்கு வச்சாச்சும்மா" என்று கீழே எழுதியிருந்தாய். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு நான் ஒரு கும்பிடு அனுப்பினேன். மூடியைப் பார்க்கவில்லை. இப்போது விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. படம் தெளிவில்லாமல் இருக்கலாம், வெளிச்சம் விழுந்திருக்கலாம். உன் விரலில் தழும்பு கிடையாது, பெற்றவளுக்குத் தெரியும். ஆனாலும் ஓடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் ஓடுகிறது.

நேற்றுக் காலை புதுவயலுக்குப் போனேன். சிக்கந்தர் அண்ணன் அங்கே ஒரு ரைஸ்மில்லில் நெல் கொட்டும் தொட்டிக்கு வெல்டிங் செய்கிறார் என்று தெரியும். இத்தனை வருஷமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நீலப் பொறி தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேற்று இறங்கினேன். லாரிகளுக்கு நடுவில் உமித் தூசியில் குந்தியிருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க தங்கச்சி. மகனுக்குக் கல்யாணமாம்ல. பத்திரிகை வைக்க வந்தீகளா?"

"இல்லண்ணே. அந்த நாலாவது குழா பத்திச் சொல்ல வந்தேன்," என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, அம்மை, உப்புத்தாள். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதுவிட்டேன்.  முடித்ததும் அவர் கையிலிருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன தெரியும் என்றேன்.

"வெல்டிங் வைக்கயில மூடியைத் திருப்பிப் பாத்தேன்ல. பொட்டு இருந்துச்சு. நீங்க வேணும்னுதான் வச்சிருக்கீகன்னு நெனச்சேன். ஒங்க சாமி பொட்டு. நான் எப்புடித் தொடைக்கிறது? ஒங்களக் கேக்கலாம்னா நீங்க வரல, பிள்ளைக்கு அம்மைன்னாக. தலைவர்ட்ட சொன்னா ஒங்க வேலை போயிரும். அப்புடியே மூடிப் பத்தவச்சுட்டேன்."

"அன்னைக்கு மேசையில சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னார். "அப்புறம் யோசிச்சா, பாத்துட்டு மூடுனவன் நானும்தானே. எனக்கும் அதுல பங்கு இருக்குன்னு இருந்துட்டேன்."

மேஜையில் அவர் என்னைப் பார்த்த பார்வை அதுதான், கதிர். என்னைக் குற்றம் சாட்டுகிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் படத்தைக் காட்டினேன். போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் அந்தக் கோடு தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இன்று காலை உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். "இம்புட்டையும் வச்சுக்கிட்டா சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்த?" என்றார்.  சட்டையை மாட்டிக்கொண்டு புதுவயலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

உன் தட்டில் இருந்த அந்த மூடிதான் கறுத்த குழாய்க்குள் போனது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாராவது பார்த்துக் கழுவியிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையிலேயே வெல்டிங் ஓட்டையாகவும் இருக்கலாம். குழாயை அறுத்துப் பாருங்கள். ஆனால் அறுப்பதற்கு முன்னாலேயே, "பொட்டு வைத்தது நான்தான்" என்று நீ உன் வாயால் சொல்லிவிடு. அறுத்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். வேலைக்கு ஆபத்து வரலாம். பெண் வீட்டில் நாலு பேச்சு வரலாம், வந்தால் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். அந்தக் குழாய் மேலே போய் நுனி கறுத்து, சூடு போக வழியில்லாமல் ஒரு கலமே வெந்துபோனால், அங்கே போய்த் திறந்து பார்க்க ஆள் கிடையாது. கீழே ஒருவர் பழியோடு இருப்பார், நீ பொட்டு வைக்க விரலை மாற்றிக்கொண்டிருப்பாய். இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரிக்குக் காட்டு. ஒரு பிரதியை என் பழைய ஆபீசுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் இன்னும் அங்கே எங்கேயாவது இருக்கும்.

மில்லிலிருந்து கிளம்பும்போது சிக்கந்தர் அண்ணன் வாசல்வரைக்கும் வந்தார். "மகன்ட்ட ஒண்ணு சொல்லுங்க தங்கச்சி. பெரிய ஆளுககிட்ட அப்புறம் போகட்டும். மொதல்ல அந்த வெல்டர்ட்ட போகச் சொல்லுங்க. மூடிக்கு உள்பக்கத்தைக் கடைசியாப் பாக்குறவன் வெல்டர்தான். அவன் பாத்திருப்பான்."

ஞாயிற்றுக்கிழமை நீ "வெல்டரை மாத்திட்டா சரியாயிரும்" என்றாய். அவர் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ. அவர் எதிரே நிற்கும்போது, பொட்டு வைத்த வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளாதே. அவர் பார்க்கட்டும்.

அம்மா